ஹைட்ரோபோனிக்ஸ் கரைசலில் பிஎச் ஏறி இறங்காமல் வைத்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்ப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். அந்தக் கரைசலின் பிஎச்சை (அமில-கார அளவை) இறக்க ஊற்றும் பிஎச் டவுன் பாட்டில் அடிக்கடி காலியாகிறது என்றால் நீங்கள் தொட்டியில் ஊற்றும் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தண்ணீரில் எவ்வளவு பைகார்பனேட் (ஆசிட்டை எதிர்த்து நிற்கும் காரப் பொருள்) இருக்கிறது, உரத்தில் நைட்ரஜன் எந்த வடிவத்தில் இருக்கிறது, இந்த இரண்டையும் கலக்கும் நாளிலேயே சரிசெய்துவிட்டால் அப்புறம் வாரத்தில் ஓரிரு முறை லேசாகத் தொட்டுவிட்டாலே போதும். அதை விட்டுவிட்டு தினமும் காலையில் மீட்டரைப் போட்டுப் பார்த்து, கூடினால் ஆசிட், குறைந்தால் காரம் என்று மாற்றி மாற்றி ஊற்றுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை, அதில் செடியைவிட நாம்தான் அதிகம் களைத்துப்போகிறோம்.

முதலில் இலக்கு. பெரும்பாலான கீரை, காய்கறிச் செடிகளுக்கு 5.5 முதல் 6.5 வரை ஒத்துவரும். கலக்கும்போது 5.8 வைத்துக்கொள்ளுங்கள், 6.3 வரை தானாக ஏறட்டும், அப்புறம் இறக்குங்கள். 5.80 என்ற எண்ணை ஆணியடித்து நிறுத்த வேண்டிய அவசியம் எந்தச் செடிக்கும் இல்லை. சொல்லப்போனால் இந்த வரம்புக்குள் லேசாக ஏறி இறங்குவது நல்லதுதான், ஒவ்வொரு சத்தும் கொஞ்சம் வெவ்வேறு பிஎச்சில் எளிதாகக் கிடைக்கிறது. 6.5ஐத் தாண்டினால் முதலில் அடிவாங்குவது இரும்பு, கூடவே மாங்கனீஸும் பாஸ்பரஸும். 5க்குக் கீழே போனால் வேர் நுனிகள் கெடத் தொடங்கும், கால்சியமும் மெக்னீசியமும் சரியாக ஏறாது. புளூபெர்ரி மாதிரி அமிலம் விரும்பும் செடி வைத்திருப்பவர்கள் 4.5 முதல் 5.5 என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற கணக்கெல்லாம் ஒன்றுதான்.

இன்னொன்று, பிஎச் மடக்கை அளவுகோல். 6லிருந்து 5க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள், அதனால் "ஒரு பாயின்ட்தானே" என்று அலட்சியமாக இருக்க முடியாது.

படி 1: மீட்டரை நம்பலாமா என்று பாருங்கள்

பலருக்கு பிஎச் ஆடுவதே இல்லை, மீட்டர்தான் ஆடுகிறது. 7.00, 4.00 என்ற இரண்டு பஃபர் கரைசல்களிலும் (பிஎச் மாறாத அளவுக் கரைசல்கள்) அளவு திருத்துங்கள், முதலில் 7, அப்புறம் 4. புதிய எலக்ட்ரோடு (மீட்டரில் கரைசலுக்குள் மூழ்கும் முனை) 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பிஎச்சுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் கொடுக்கும். பழசாக ஆக இது குறைந்துகொண்டே வரும், அப்போது 7ல் சரியாகக் காட்டிவிட்டு 4ல் 4.5 என்று காட்டும். அந்த நிலைக்கு வந்துவிட்ட எலக்ட்ரோடை மாற்றிவிடுவதே நல்லது, அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஆசிட் ஊற்றினால் செடிதான் அனுபவிக்கும்.

எலக்ட்ரோடைக் காயவிடாதீர்கள். மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசல் சில சொட்டுகள் இருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ ஊறவைத்தால் உள்ளே இருக்கும் உப்பு வெளியே கசிந்து ஆயுள் குறைகிறது. பயன்படுத்திய பஃபரைத் திரும்ப பாட்டிலில் ஊற்றவும் கூடாது. மீட்டரே இல்லாதவர்கள் சொட்டு மருந்து மாதிரி நிறம் காட்டும் கிட் வைத்திருந்தாலும் போதும். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் தெரியாது, ஆனால் அது பொய்யும் சொல்லாது. கரைசலே பழுப்பாக இருந்தால் மட்டும் நிறம் பார்ப்பது கஷ்டம்.

படி 2: தண்ணீரின் பைகார்பனேட்டை அளங்கள்

இதுதான் முக்கியமான படி, இதைத் தாண்டிப் போனால் மீதி எல்லாம் வீண். தண்ணீரின் பிஎச் 7.8 என்று தெரிந்துகொள்வதால் பெரிய பயனில்லை. ஒரே பிஎச் உள்ள இரண்டு தண்ணீரில் ஒன்றுக்குப் பத்துச் சொட்டு ஆசிட் போதும், இன்னொன்று பாட்டிலையே குடித்துவிடும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பைகார்பனேட். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் "மொத்தக் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக" என்று ஒரு வரி இருக்கும், லிட்டருக்கு மில்லிகிராமில் உள்ள அந்த எண்தான் நமக்கு வேண்டும். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டர் இதைச் சொல்லாது, ஏனென்றால் சாதாரண உப்பும் டிடிஎஸ்ஸில் சேரும், அது ஆசிட்டைச் சாப்பிடாது.

அறிக்கை இல்லையென்றால் ஒரு பக்கெட் போதும். 10 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். 85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று தனியாக நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள் (தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்). ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒவ்வொரு மில்லியாக விட்டு, கலக்கி, மீட்டர் நிலைத்து நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரத்தன்மை 150 உள்ள தண்ணீரில் இது எப்படிப் போகும் என்று பாருங்கள். தொடக்கத்தில் 7.8. 5 மில்லி விட்டதும் சட்டென்று 6.8க்கு வந்துவிடும். அடடா, சுலபமாக இருக்கிறதே என்று தோன்றும். அப்புறம்தான் இழுக்கும்: 10 மில்லியில் 6.3, 15 மில்லியில் 5.9. இதுதான் பைகார்பனேட் எதிர்த்து நிற்கிற இடம். 18 மில்லியில் 5.4, அதோடு அதன் பலம் முடிந்தது, அடுத்த இரண்டே மில்லியில் 4.6க்கு விழுந்துவிடும். "எவ்வளவு ஊற்றினாலும் இறங்கவே மாட்டேன் என்கிறது, திடீரென்று பாதாளத்துக்குப் போய்விட்டது" என்று ஆட்கள் புலம்புவது இந்த வளைவைப் பற்றித்தான். தொட்டியில் மாய மந்திரம் எதுவும் நடக்கவில்லை.

மேலே சொன்ன தண்ணீருக்கு 5.8 வர ஏறக்குறைய 16 மில்லி நீர்த்த ஆசிட் ஆகிறது. அதாவது 100 லிட்டருக்கு 16 மில்லி அடர் ஆசிட். உங்கள் தண்ணீருக்கு வந்த எண்ணைத் தொட்டிமேல் எழுதி ஒட்டுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை மறுபடி செய்யுங்கள், நிலத்தடி நீர் பருவத்துக்குப் பருவம் மாறும்.

காரத்தன்மை 50க்குள் இருந்தால் கவலையே வேண்டாம். 100 வரை சமாளிக்கலாம். 200ஐத் தாண்டினால் ஆர்ஓ தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ பாதிக்குப் பாதி கலந்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து, ஆசிட்டை மட்டும் நம்பி ஓட்டுவது வீண் தலைவலி.

படி 3: எந்த ஆசிட்?

எல்லோரும் பாஸ்பாரிக் ஆசிட் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மென்மையான தண்ணீருக்கு அது சரி. ஆனால் கணக்குப் போடுங்கள்: காரத்தன்மை எண்ணை 50ஆல் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லி ஈக்விவலன்ட் (ஆசிட்டும் காரமும் ஒன்றையொன்று சரிக்கட்டும் அளவு) என்று வரும், 150க்கு 3. ஒவ்வொரு மில்லி ஈக்விவலன்டையும் பாஸ்பாரிக் ஆசிட்டால் சரிக்கட்டும்போது 31 பிபிஎம் (லிட்டருக்கு 31 மில்லிகிராம்) பாஸ்பரஸ் தொட்டிக்குள் போகிறது. அந்த மூன்றில் இரண்டேகால் மில்லி ஈக்விவலன்ட் போட்டாலே 70 பிபிஎம். கீரைகளுக்கான கலவைகளில் பாஸ்பரஸ் பொதுவாக 30 முதல் 50 பிபிஎம்தான், அதையும் உரமே கொடுத்துவிடுகிறது. ஆக மொத்தம் இருமடங்கைத் தாண்டிவிடும். அதிகப்படி பாஸ்பரஸ் கால்சியத்தோடு சேர்ந்து படியும், இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிடைக்கவிடாமல் செய்யும். இலை மஞ்சளாகும், நீங்கள் இரும்பு வாங்கி ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் கடினத் தண்ணீருக்கு நைட்ரிக் ஆசிட்டோ சல்பூரிக் ஆசிட்டோ பெரும்பங்கு இருக்கட்டும். நைட்ரிக் ஒரு மில்லி ஈக்விவலன்டுக்கு 14 பிபிஎம் நைட்ரஜன் தருகிறது, அதை உரக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். சல்பூரிக் 16 பிபிஎம் கந்தகம் தருகிறது, செடி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இரண்டுமே பாஸ்பாரிக்கைவிட ஆபத்தானவை, நைட்ரிக் புகையும் விடும், வீட்டுக்குள் வைத்துப் புழங்க வேண்டிய பொருள் இல்லை. பழைய பேட்டரியிலிருந்து எடுத்த ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள், அதில் ஈயம் இருக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் வேண்டாம். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடர், குளோரின் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் ஆசிட், வினிகர்? இறங்கும். ஓரிரு நாளில் பாக்டீரியா அதைத் தின்றுவிடும், பிஎச் பழைய இடத்துக்குத் திரும்பும், கூடவே தொட்டியில் வழவழப்பு படியும். நான்கு செடி வைத்து விளையாடிப் பார்க்கிறவர்களுக்கு ஆபத்தில்லாத வழி, அவ்வளவுதான்.

ஏற்ற வேண்டுமென்றால் பொட்டாசியம் பைகார்பனேட் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பைகார்பனேட் மெதுவாக வேலை செய்யும், தவறி அதிகமானாலும் தாங்கும். சமையல் சோடா வேண்டாம், அதிலுள்ள சோடியம் தொட்டியிலேயே தங்கி வாரா வாரம் சேரும்.

படி 4: காற்றோட்டம் கொடுத்து மறுபடி அளங்கள்

ஆசிட் பைகார்பனேட்டோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது உடனே வெளியேறாது, தண்ணீரிலேயே கரைந்து நின்று பிஎச்சைக் கீழே பிடித்து வைத்திருக்கும். ஏர் பம்ப் ஓட ஓட அது குமிழோடு வெளியேறும், பிஎச் மேலே வரும். இரவு 5.8, காலை 6.7 என்று வருவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். செடியே வைக்காத தொட்டியிலும் இது நடக்கும்.

எனவே தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து, பக்கெட் கணக்குப்படி ஆசிட் விட்டு, ஏர் ஸ்டோனைப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் ஏறியிருக்கும் அளவுக்கு இரண்டாவது முறை கொஞ்சம் ஆசிட். இந்த இரண்டாவது டோஸோடு பைகார்பனேட் பெரும்பாலும் தீர்ந்துபோகும், பிறகு அவ்வளவாகத் துள்ளாது. ஆனால் இப்போது எதிர்த்து நிற்க எதுவும் இல்லாததால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும், முதல் நாள் மாதிரி மூடி மூடியாக ஊற்றினால் 4க்குப் போய்விடும்.

ஆர்ஓ தண்ணீர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படியே தேவையில்லை. அதில் வெறும் தண்ணீரின் பிஎச்சை அளப்பதும் வீண், உப்பே இல்லாத நீரில் மீட்டர் அலைந்துகொண்டே இருக்கும். உரம் போட்ட பிறகு அளங்கள்.

படி 5: கலக்கும் வரிசை

கால்சியம் நைட்ரேட்டை ஒரு டப்பாவிலும் (ஏ), சல்பேட், பாஸ்பேட் உரங்களை இன்னொரு டப்பாவிலும் (பி) வைப்பது ஏன் என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்கவே மாட்டீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் ஏ அடர்கரைசல் கொஞ்சம் எடுத்து, அதன் மேல் பி அடர்கரைசலைச் சில மில்லி விடுங்கள். விழுந்த இடத்தில் வெள்ளையாகத் திரண்டு, கீழே இறங்கி, சிறிது நேரத்தில் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும். அது ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும். செடிக்குப் போக வேண்டிய சத்து அடியில் கிடக்கிறது என்பது ஒரு பக்கம், பாஸ்பேட் இப்படிப் படியும்போது ஹைட்ரஜன் அயனியை விடுவிப்பதால் பிஎச்சும் குழம்புகிறது.

வரிசை இதுதான்:

1. தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீர், பைகார்பனேட் ஏற்கெனவே சரிக்கட்டியது.
2. பொட்டாசியம் சிலிக்கேட் பயன்படுத்துவதாக இருந்தால் அது முதலில், நன்றாக நீர்த்து. கடுமையான காரம் அது, உடனே பிஎச்சை 6க்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.
3. ஏ கரைசல் விட்டு நன்றாகக் கலக்குங்கள். கலங்கல் இருக்கக் கூடாது.
4. பி கரைசல், மெதுவாக, கலக்கிக்கொண்டே.
5. மீதித் தண்ணீர். ஈசி (கரைசலில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு) பார்த்துத் திருத்துங்கள்.
6. அரை மணி நேரம் ஓடவிட்டு, கடைசியாக பிஎச்.

ஈசியைச் சரிசெய்வதற்கு முன்னால் பிஎச்சைச் சரிசெய்வது இரட்டை வேலை, உரமே பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும். மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் தனியாகக் கரைத்தால் 4.5 அளவில் இருக்கும், அதனால் சொல்கிறேன். பிஎச் டவுனையும், பிஎச்சை ஏற்றும் பிஎச் அப்பையும் ஒன்றன் பின் ஒன்றாக விட்டு விளையாடாதீர்கள். ஒவ்வொரு முறையும் உப்புதான் கூடுகிறது.

படி 6: நைட்ரஜனை வைத்தே பிஎச்சைப் பிடியுங்கள்

செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போது வேர் பதிலுக்குக் காரத்தை வெளியே விடுகிறது, பிஎச் ஏறுகிறது. அமோனியத்தை உறிஞ்சினால் ஹைட்ரஜன் அயனியை விடுகிறது, பிஎச் இறங்குகிறது. பெரும்பாலான ஹைட்ரோபோனிக்ஸ் உரங்களில் நைட்ரேட்தான் அதிகம் என்பதால் நன்றாக வளரும் செடி இருக்கும் தொட்டியில் பிஎச் மெல்ல ஏறுவது இயல்பு. மொத்த நைட்ரஜனில் 5 முதல் 10 சதவீதம் அமோனியமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும், ஆசிட் தேவை கண்கூடாகக் குறையும்.

ஆனால் உடனே அமோனியம் சல்பேட் மூட்டையைப் பிரிக்காதீர்கள். உரத்துக்காக விற்கும் 15.5 சதவீத கால்சியம் நைட்ரேட்டிலேயே ஏறக்குறைய 1.1 சதவீதம் அமோனிய நைட்ரஜன் இருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் 11 பிபிஎம் ஏற்கெனவே வந்துவிட்டது. அதைக் கழித்த பிறகும் தேவைப்பட்டால் அமோனியம் சல்பேட் 100 லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் போட்டுப் பாருங்கள், 5 கிராம் என்பது இன்னொரு 10 பிபிஎம். தக்காளி, மிளகாய் வைத்திருப்பவர்கள் காய்க்கும் பருவத்தில் இதில் கை வைக்காமல் இருப்பது நல்லது, அமோனியம் கால்சியத்தோடு போட்டிபோடும், காயின் அடிப்பகுதி கருத்து அழுகும். இளம் நாற்றுக்கும் வேண்டாம்.

யூரியா இந்தக் கணக்கில் சேராது. அது உடைந்து அமோனியாவாகும்போது முதலில் பிஎச்சை ஏற்றும், எவ்வளவு வேகமாக உடையும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

படி 7: இரும்பு எந்த வகை என்று பாருங்கள்

என்ன செய்தும் பிஎச் 6.5ஐ ஒட்டியே நிற்கிறது என்றால் அதோடு சண்டை போடாமல் இரும்பை மாற்றலாம். இரும்பு படிந்துவிடாமல் கரைசலில் பிடித்து வைக்கும் பொருளின் பெயரால்தான் அதன் வகையைச் சொல்வார்கள். இடிடிஏ இரும்பு 6.5க்கு மேல் பிடி தளரும். டிடிபிஏ இரும்பு 7ஐத் தாண்டியும் நிற்கும். இடிடிஎச்ஏ அதற்கும் மேலே போனாலும் அசையாது, கரைசல் மட்டும் சிவப்பாகிவிடும், பயப்படத் தேவையில்லை.

படி 8: தினசரி நிரப்பும் தண்ணீர்

தொட்டியைக் கவனமாகக் கலந்துவிட்டு, குறைந்த அளவை நேராகக் குழாயிலிருந்து நிரப்புகிறவர்கள் ஏராளம். வெயில் நாளில் செடிகள் குடித்து இரண்டு மூன்று நாளில் தொட்டியில் கால்வாசி குறைந்துவிடுகிறது, அந்தக் கால்வாசியும் புதுப் பைகார்பனேட்டோடு உள்ளே வருகிறது, பிஎச் ஏறாமல் என்ன செய்யும்? நிரப்புவதற்கும் படி 4ல் சொன்ன டிரம் தண்ணீரையே எடுங்கள். முடிந்தால் பெரிய தொட்டி வையுங்கள். ஒரு செடிக்கு இரண்டு லிட்டர் கரைசல் இருப்பதும் பத்து லிட்டர் இருப்பதும் ஒன்றில்லை, அளவு கூடக் கூட எல்லா மாற்றமும் நிதானமாக நடக்கும்.

அப்படியும் ஆடினால்

முதலில் ஒரு எளிய சோதனை. தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கரைசலைச் சுத்தமான அகல வாய்ப் பாட்டிலில் எடுத்து, மூடாமல், நிழலில் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஓர் இரவு வையுங்கள். காலையில் இரண்டையும் அளங்கள். பாட்டிலிலும் ஏறியிருந்தால் தண்ணீர்தான் காரணம், படி 4க்குப் போங்கள். பாட்டில் அப்படியே இருந்து தொட்டி மட்டும் மாறியிருந்தால் செடியோ, வேர் ஊடகமோ, தொட்டிக்குள் வளரும் வேறு ஏதோ.

பிஎச் ஏறி ஈசி இறங்குகிறதா, செடி நன்றாகச் சாப்பிடுகிறது என்று சந்தோஷப்படுங்கள், அமோனியப் பங்கை மட்டும் பாருங்கள். பகலில் ஏறி இரவில் இறங்குகிறதென்றால் பாசி, பகலில் அது கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது. தொட்டிக்குள் வெளிச்சம் புகும் ஓட்டையை அடைத்தாலே தீரும். திடீரென்று இறங்கி, வேர் பழுப்பாகி, நாற்றமும் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது, அந்தக் கரைசலுக்கு பிஎச் அப் ஊற்றிப் பயனில்லை, கொட்டிவிட்டுக் கழுவுங்கள். செடி வைத்த புதிதிலேயே நிற்காமல் ஏறினால் ஊடகத்தைச் சந்தேகப்படுங்கள்: ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) புதிதாக இருக்கும்போது காரம், பிஎச் 5.5 தண்ணீரில் ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். சரளைக்கல் போட்டிருந்தால் ஒரு கல்லின் மேல் வினிகர் விடுங்கள், நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், மொத்தமாக எடுத்துவிட வேண்டியதுதான்.

கரைசலை ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். செடி எடுக்காமல் விட்ட சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் சேர்ந்து ஈசியைக் காட்டிக்கொண்டிருக்கும், மீட்டர் 1.8 என்று சொல்லும், அதில் சத்து எவ்வளவு வெற்று உப்பு எவ்வளவு என்று சொல்லாது. பெரிய தொட்டி, மென்மையான தண்ணீர் என்றால் மூன்று வாரம் வரை இழுக்கலாம். கடினத் தண்ணீரில் இழுக்காதீர்கள்.